இரண்டாவது துண்டு

மையத்தை ஏற்றிய சந்தூக்குப் பெட்டி வெளியே போக வழி விடவேண்டியிருந்தது. முன்னறையிலிருந்த கம்ப்யூட்டர் மேசையை நான்கு பேர் பிடித்துச் சுவரோரம் நகர்த்தினார்கள்.

"மெதுவா, மெதுவா," என்றாள் றமீலா, உள்கதவுக்குப் பின்னால் நின்றபடி.

மேசையைச் சொல்கிறாளா, சந்தூக்கைச் சொல்கிறாளா என்று யாரும் கேட்கவில்லை. ஒன்று நகர்ந்தது, மற்றது வாசலைக் கடந்து போயிற்று.

போனவர் அவளுடைய மூத்த சகோதரர், ஜாபிர் நானா. நாற்பத்து நான்கு வயது. முந்தின நாள் அஸர் தொழுகைக்கு கைகால் கழுவி வுழூச் செய்யப் போனவர், குழாயடியிலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேன் வந்தபோது தேவைப்படவில்லை.

அடக்கம் செய்துவிட்டு மையவாடியிலிருந்து திரும்பிய ஆண்கள் சாப்பிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள். பகல் லுஹர் தொழுகை முடிந்து வெகுநேரமான பிறகும் விறாந்தையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து முருகையா. காலை பஸ்ஸில் வந்தவர்.

றமீலா அவருக்குப் பிளேன்டீ கொடுத்தாள். "பஸ் போயிடுமே, முருகையா அண்ணே?"

"போகட்டும் டீச்சரம்மா." அவர் கோப்பையையே பார்த்தார். "இன்னைக்குக் கேக்கக் கூடாதுங்க. நாளைக்குக் காலையில லிஸ்ட்டை கச்சேரி ஆபீசுல குடுக்கணும்னு நானாதான் சொல்லியிருந்தாங்க."

இருநூற்றுப் பன்னிரண்டு பேர். தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாக, மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறி இறங்கி, பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்காக ஜாபிர் சேர்த்த விபரங்கள். பெயர், பிறந்த இடம், தகப்பன் இந்தியாவிலிருந்து வந்த வருடம். கொண்டுவந்த துண்டுக் காகிதங்களை அந்தந்த வீட்டாரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். எல்லாம் இப்போது முன்னறைக் கம்ப்யூட்டர் மெஷினுக்குள் மட்டும்தான்.

றமீலா உள்ளே வந்து மெஷினின் சுவிட்சைப் போட்டாள். விசிறி சுழன்றது. கறுப்புத் திரையில் ஒரு கோடு மின்னிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் எதுவும் வரவில்லை.

"மௌத்து வீட்டுல மெஷின் போடுறதா?" என்று உறவுக்கார மாமி ஒருவர் கேட்டார். "சனம் என்ன சொல்லும்?"

ஜாபிரின் மனைவி ஹம்ஸியா கணவனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தாவுக்காகத் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தாள். காலையிலிருந்து குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தாள்.

"செய்யட்டும் மாமி," என்றாள். "குடுத்த சொல்லும் அவரோட போயிடக் கூடாது."

கொழும்பிலிருந்து ஜனாஸாவுக்கு வந்த ஷுக்ரி, ஜாபிருக்குச் சிறிய தகப்பனான சாச்சாவின் மகன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. றமீலாவை, அக்கா முறையில், தாத்தா என்றுதான் கூப்பிடுவான். இரண்டு தரம் அணைத்துப் போட்டுப் பார்த்தான். "டிஸ்க் போயிட்டு தாத்தா. ஃபார்மட் செஞ்சு புதுசா போட்டாத்தான் எழும்பும். அரை மணித்தியாலத்து வேலை."

"ஃபார்மட் செஞ்சா லிஸ்ட்டு?"

"அது இருக்காது."

"அப்ப வேணாம்."

"இப்பவும் இல்லைதானே?"

றமீலா மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். நேற்றுப் பகல் சோறு தின்னும்போது நானா சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. டிஸ்க்கை இரண்டு துண்டாகப் பிரித்திருந்தார். முதல் துண்டில் பழைய சிஸ்டமும் அதில் செய்த லிஸ்ட்டும். இரண்டாவதில், கண்டியிலிருந்து ஒரு சிநேகிதர் அனுப்பிய வேறொரு சிஸ்டம். அதில் தமிழ் எழுத்து வருமாம். தோட்டத்து ஆட்கள் தங்கள் பெயரைத் தாங்களே வாசிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. "ரெண்டாவது துண்டுதான் எழும்பணும்னு அடையாளம் வச்சேன். அது எழும்பவே மாட்டேங்குது," என்று சிரித்தார். "பழசு அப்படியே ஈக்குது. பின்னேரம் அடையாளத்தைத் திருப்பி வைக்கிறேன்."

பின்னேரம்தான் வரவில்லை.

மேசையின் இழுப்பு லாச்சியில் நானாவின் கையெழுத்தோடு, மெஷினை எழுப்பும் பிளாப்பி இருந்தது. அவள் அதைச் செருகிச் சுவிட்சைப் போட்டாள். கரகரவென்று ஓடி, இம்முறை மெஷின் எழும்பியது. நானா செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்திருந்த, டிஸ்க்கைப் பிரிக்கும் புரோகிராமைத் திறந்தாள். நான்கு வழிகள் வரிசையாக வந்தன. மூன்றாவது, துண்டை அழிப்பது.

"தாத்தா, அதுல பிழையா ஒண்டை அமத்தினா எல்லாம் முடிஞ்சுடும்," என்றான் ஷுக்ரி.

"தெரியும்."

முதலில் நான்காவதை அமர்த்தினாள். அது காட்ட மட்டும்தான் செய்யும். இரண்டு வரிகள் வந்தன. இரண்டு துண்டுகளும் இருந்தன. எழும்ப வேண்டியது எது என்ற அடையாளம் இரண்டாவது வரியில் இருந்தது.

ஷுக்ரி திரைக்குப் பக்கத்தில் குனிந்தான். "அல்லாஹ்," என்றான் மெதுவாக. "அழிச்சிருப்பேனே."

அவள் அடையாளத்தை மாற்றும் இரண்டாவது வழிக்குப் போய், ஒன்று என்ற இலக்கத்தை அமர்த்தினாள். விரல் அந்தச் சாவியின் மேல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு பிளாப்பியை உருவி எடுத்து, மெஷினை அணைத்து மறுபடி போட்டாள்.

திரையில் எழுத்து வந்தது. இன்று என்ன தேதி என்று கேட்டது. தனக்கென்று கடிகாரம் இல்லாத மெஷின். எழும்பும்போதெல்லாம் அதைத்தான் முதலில் கேட்கும். நானா எந்த நாளும் யோசிக்காமல் தட்டுவார். றமீலா சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தாள். நேற்றைய தாளை யாரும் கிழித்திருக்கவில்லை. அவள் இன்றைய தேதியைத் தட்டினாள்.

லிஸ்ட் இருந்தது. கடைசி வரி வரைக்கும் இறக்கிப் பார்த்தாள். இருநூற்றுப் பதின்மூன்று என்று ஓர் இலக்கம், பெண், தகப்பன் பெயர், பிறந்த தேதி போன வாரம். பெயருக்குரிய இடம் வெறுமையாக இருந்தது. தகப்பனின் தகப்பன் என்ற இடத்தில் முருகையாவின் பெயர்.

அவள் வாசலுக்குப் போனாள். "பேத்தி பொறந்திருக்கா?"

முருகையா எழுந்து நின்றார். "ஆமாங்க. மவனுக்கு. பேரு வச்சதும் வந்து சொல்லுங்கன்னு நானா சொன்னாங்க. ஞாயித்துக்கெழம வச்சோம்." அவர் வாசலுக்குக் கிட்ட வந்தார். "செல்வமலர்."

றமீலா திரும்பி வந்து அதைத் தட்டினாள். ஷுக்ரி பிரிண்டருக்குத் தாள் மாட்டினான். திரைச்சீலைக்குப் பின்னால் ஓதிக்கொண்டிருந்த குரல், பிரிண்டர் அடிக்கத் தொடங்கியதும் ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

தாள் மடிந்து மடிந்து தரையில் விழுந்தது. முருகையா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு அதை ஏந்தினார். எல்லாம் இங்கிலீஷ் எழுத்து.

"பேத்தி பேரு எதுங்க டீச்சரம்மா?"

றமீலா கடைசி வரியில் விரலை வைத்துக் காட்டினாள். அவள் விரலை எடுத்ததும் அவர் தம் விரலை அந்த இடத்தில் வைத்துக்கொண்டார். மை இன்னும் காயவில்லை.