கல்லுக்கால் சடையப்பன்

கடலூர் திருப்பாப்புலியூரில் காசிமின் வாடகை சைக்கிள் கடைக்கு அந்தக் காலத்தில் சாயங்காலம் சைக்கிள் எடுக்க வருகிறவர்களைவிட வழக்காட வருகிறவர்கள்தான் அதிகம். வழக்கு எப்போதும் ஒன்றே. ஃபுட்பால் ஆட்டத்தில் இதுவரை பிறந்தவர்களில் எவன் பெரிய முரடன்? கோல் போட்டவர்களைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. கோல் அதிர்ஷ்டத்தில்கூட விழும், அடி வாங்கிக்கொண்டு நிற்பதற்கு அதிர்ஷ்டம் உதவாது என்பது அந்தக் கடையின் சட்டம்.

விழுப்புரம் ரயில்வேயில் இருந்த ஒரு ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர் உதைத்த உதையில் கோல் போஸ்ட்டே சாய்ந்தது என்பார் ஒருவர். நெல்லிக்குப்பம் சின்னப்பிள்ளை, ஆடிக்கொண்டிருந்த முன்பற்கள் இரண்டையும் தானே பிடுங்கி ரெஃப்ரீ கையில் கொடுத்துவிட்டுக் கார்னர் பந்துக்குத் தலை கொடுத்தார் என்பார் இன்னொருவர். கண்ணால் பார்த்தவன் ஒருவனும் இல்லை. பார்த்தவனைப் பார்த்தவர்கள்தான் எல்லோரும். காசிம் பஞ்சர் ஒட்டிக்கொண்டே கேட்பான், எதையும் மறுக்கமாட்டான். எல்லோரும் ஓய்ந்த பிறகு கையைத் துடைத்துக்கொண்டு தன் துருப்பை இறக்குவான். அதுதான் சடையப்பனின் ஆணிக் கதை.

சடையப்பன் தேவனாம்பட்டினத்து மீனவன். விடியலில் கடல், சாயங்காலம் மஞ்சக்குப்பம் மைதானம். காசிம் கோல் கீப்பராக நின்ற எட்டு வருஷமும் அவனுக்கு முன்னால் லெஃப்ட் பேக்காக நின்றவன் அவன்தான். அவனைத் தாண்டி வந்த பந்துகள் கொஞ்சம், ஆட்கள் அதைவிடக் கொஞ்சம். காசிமின் விலா எலும்பு முழுசாக இருந்தது என்றால் அதற்கு அல்லாவுக்கு அடுத்தபடி சடையப்பனுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பூட்ஸுக்கு மாறியபோதும் அவன் கணுக்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு வெறுங்காலில் ஆடினான்.

மேல்பட்டாம்பாக்கத்தில் அறுபத்து இரண்டாம் வருஷம் நடந்த ஆட்டம் அது. வேலியிலிருந்து விழுந்த ஆணி ஒன்று சடையப்பனின் இடது பாதத்தில் இறங்கி, பாதி ஆட்டம் முழுக்க உள்ளேயே இருந்தது. விசில் ஊதிய பிறகு சுண்ணாம்புக் கோட்டின் மேல் ரத்தத் தடத்தைப் பார்த்து, காலைத் தூக்கச் சொல்லி, ஆணியைப் பிடுங்கியவன் காசிம். "ஆணியா? எப்பக் குத்துச்சி?" என்று கேட்டான் சடையப்பன். அந்த ஒரு கேள்வியில் அவன் கல்லுக்கால் சடையப்பன் ஆகிவிட்டான்.

ஊர் ஒரு பட்டம் கொடுத்தால் சும்மா கொடுக்காது, ஆளை அதற்குள் குடிவைத்துவிடும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிற சடையப்பன் நெஞ்சை நிமிர்த்தி நடக்க ஆரம்பித்தான். கூலிக்குப் படகு ஏறியவனுக்குச் சொந்தமென்று வேறு என்ன இருந்தது? குணசுந்தரியின் அப்பா, வலையும் இல்லாத படகும் இல்லாத அவனுக்குப் பெண் கொடுத்ததே அந்தப் பெயருக்காகத்தான். "எம் மாப்ள காலு கல்லு" என்று மீன் ஏலத்தில் நின்று சொல்வார். அதைக் கேட்கும்போது சடையப்பன் முகத்தில் வருகிற வெட்கத்தைக் காசிம் பார்த்திருக்கிறான்.

அறுபத்து நாலாம் வருஷம் ஜில்லா கோப்பை ஃபைனலுக்குக் கடலூரும் சிதம்பரமும் வந்தன. ஃபைனலுக்கு இருபது நாள் முன்னதாக, சிதம்பரத்தில் ஒரு பயிற்சி ஆட்டம். ஆட்டம் சமனில் முடிந்தது. இரண்டு டீமும் ஒன்றாகக் கீழவீதி டீ கிளப்பில் போய் உட்கார்ந்தன. வழக்கு அங்கேயும் வந்துவிட்டது. சிதம்பரத்துக்காரர்கள் தங்கள் பேக் தாண்டவராயனை முன்னால் தள்ளினார்கள். காரை எலும்பு முறிந்து, கையைப் பனியனுக்குள் சொருகிக்கொண்டு கடைசி வரை ஆடியவன். காசிம் ஆணிக் கதையை இறக்கினான். அவர்கள் சிரித்தார்கள். ஆணி தைத்தது தெரியாமல் ஆட அவன் என்ன மரக்கட்டையா என்றான் ஒருவன்.

காசிமுக்குக் கோபம் வந்துவிட்டது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அதைப் பித்தளை என்று சொன்னால் பொறுக்குமா? எல்லோரும் பாருங்கள் என்று கண்ணைக் காட்டிவிட்டு, பக்கத்தில் இருந்தவன் வாயிலிருந்து பீடியைப் பிடுங்கி, பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த சடையப்பனின் இடது புறங்காலில் வைத்து அழுத்தினான். துள்ளுவான், திட்டுவான், பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பான் என்றுதான் நினைத்தான். சடையப்பன் திரும்பவே இல்லை. எதிரில் இருந்தவனிடம் கடல் நிலவரம் பேசிக்கொண்டிருந்தான். ரோமம் கருகும் வாடை வந்தது. அவன் இன்னொரு வாய் டீ குடித்தான்.

டீ கிளப் முழுக்கக் கைதட்டியது. தாண்டவராயன் மட்டும் தட்டவில்லை. எழுந்து வந்து குனிந்து சாம்பலைத் தட்டிவிட்டான். கெண்டைக்கால் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்திருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மடித்துக் கட்டியிருந்த சடையப்பனின் வேட்டியை, குழந்தைக்குச் செய்கிற மாதிரி, தானே அவிழ்த்துக் கால் மறைய இறக்கிவிட்டான்.

"நா தோத்தேன். இவுருதான் பெரிய ஆளு. வழக்கு முடிஞ்சிது, எல்லாரும் எழுந்திருங்க."

பிறகு காசிமைக் கிளப்புக்குப் பின்னால், கைகழுவுகிற தொட்டிப் பக்கம் அழைத்துப்போனான்.

"அது கல்லு இல்ல பாய். செத்துப்போன காலு. எங்க அக்கா அமிர்தம் அடுப்புலேருந்து கொதிக்கற சட்டிய வெறுங்கையால எறக்குவா. கெட்டிக்காரின்னு வீடே மெச்சிக்கிட்டு இருந்தோம். இன்னிக்கி அவ கையில வெரலு இல்ல."

அது என்ன வியாதி என்றும் தாண்டவராயனே சொன்னான். பெருநோய், குஷ்டம். இப்போது மாத்திரை இருக்கிறது, சர்க்கார் ஆஸ்பத்திரியில் கொடுக்கிறார்கள், சீக்கிரம் போனால் காலைக் காப்பாற்றிவிடலாம். அக்காவை வெளியே தெரியக்கூடாது என்று மூடி வைத்ததுதான் கெடுத்தது. இந்த வாரமே அழைத்துப்போங்கள், அதுவரை வெறுங்காலில் ஆட விடாதீர்கள், காயம் பட்டால் அவருக்கே தெரியாது. நான் யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்றான்.

திரும்பும்போது பாசஞ்சரில் சடையப்பன் காசிமின் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான். விலகி உட்காரலாமா என்று காசிமுக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது. புதுச்சத்திரம் தாண்டும்வரை கடையில் தான் அளந்த கதைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். சித்திரை மணலில் இடது காலை மட்டும் ஊன்றி நின்றது, நண்டு கவ்வியதைப் பார்த்துச் சிரித்தது, ஆணி. எல்லாம் வியாதியின் கதைகள். இரண்டு வருஷமாக நண்பனின் நோயை ஊருக்குக் கொட்டடித்துச் சொல்லியிருக்கிறான், ஊரும் கைதட்டியிருக்கிறது.

மறுநாளே சொல்லியிருக்க வேண்டும். காசிம் கெட்டவன் இல்லை, ஆனால் ஒத்திப்போடுவதற்குக் கெட்டவனாக இருக்கத் தேவையில்லை. முதல் நாள், தாண்டவராயன் என்ன டாக்டரா என்று தேற்றிக்கொண்டான். அடுத்த நாள் சடையப்பன் கடலுக்குப் போய்விட்டான். அதற்கடுத்த நாள், அவன் ஆறு மாதப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தான். சொன்னால் குணசுந்தரி என்ன ஆவாள், மாமனார் என்ன செய்வார், படகில் ஏற்றுவார்களா? நியாயமான கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்கு அடியில் கிடந்தது வேறு. மூன்று முறை ஃபைனலில் தோற்ற கடலூர் டீமுக்கு லெஃப்ட் பேக் வேண்டும். இருபது நாளில் என்ன ஆகிவிடப் போகிறது? ஆட்டம் முடிந்த மறுநாள் கையோடு அழைத்துப்போய்விடலாம். இப்படித்தான் நினைத்தான். எந்த மாவில் சுட்டாலும் பாவம் பாவம்தான்.

ஃபைனலன்று மஞ்சக்குப்பம் மைதானத்தில் சடையப்பன் வெறுங்காலோடு இறங்குவதைத் தாண்டவராயன் பார்த்தான். பிறகு காசிமைப் பார்த்தான். ஆட்டத்துக்கு முன்னால் எல்லோருடனும் கைகுலுக்கி வந்தவன், காசிமுக்கு முன்னால் நிற்காமல் நகர்ந்தான்.

சடையப்பன் அன்று ஆடியதுபோல் என்றும் ஆடியதில்லை. பூட்ஸ் ஆணிகள் அவன் பாதத்தில் ஏறி இறங்குவதைக் காசிம் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணுவதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. கடலூர் ஒரு கோலில் ஜெயித்தது. கல்லுக்கால் கல்லுக்கால் என்று கத்திக்கொண்டு சடையப்பனைத் தோளில் தூக்கிப் போனார்கள். தூக்கியவனின் வெள்ளைச் சட்டையில் ரத்தம் சொட்டுவதை அவனும் பார்க்கவில்லை, சடையப்பனும் பார்க்கவில்லை. அடிப்பாதம் குறுக்கே கிழிந்திருந்தது.

மறுநாள் மத்தியானம் காசிம் தேவனாம்பட்டினம் போனான். கரையேறிய படகின் நிழலில் உட்கார்ந்து சடையப்பன் கிழிந்த வலையைக் கோத்துக்கொண்டிருந்தான். பாதத்தில் துணிக் கட்டு, அதில் ஈ. காசிம் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, தாண்டவராயன் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னான்.

சடையப்பன் முதலில் சிரித்தான். பிறகு மர ஊசியின் முனையால் இடது பாதத்தைக் குத்திப் பார்த்தான். இன்னும் அழுத்திக் குத்தினான். வலது பாதத்தில் குத்தியபோது கால் தானாகப் பின்வாங்கியது. இரண்டு கால்களையும் நீட்டி வைத்து, யாருடைய கால்களோ போலப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண்டாட்டியைப் பற்றிக் கேட்பான், பிள்ளையைப் பற்றிக் கேட்பான் என்று காசிம் பதில்களைச் சேர்த்து வைத்திருந்தான். அவன் கேட்டது அது இல்லை.

"எல்லாருக்கும் இவ்ளோதான் வலிக்கும், இவுனுங்கதான் சும்மா கத்துறானுங்கன்னு நெனச்சிருந்தேன் மச்சான். ஆணிய நா பொறுத்துக்கிட்டேன்னு ஊரே சொல்லுச்சி. பொறுக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இல்லயா?"

காசிம் அழுதுவிட்டான். சடையப்பன் அழவில்லை. உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டான். பொய் சொல்லக் காசிமுக்குத் தெம்பு இல்லை. சிதம்பரத்திலேயே தெரியும் என்றான். சடையப்பன் ஊசியை வைத்துவிட்டு எழுந்தான். வலது காலை முன்னால் எடுத்து ஈர மணலில் பதித்தான்.

"இந்தக் காலு உசுரோட இருக்குது. மிதி. நா கத்துறேனா இல்லயான்னு எனக்குத் தெரியணும்."

காசிம் மறுத்தான், கையைப் பிடித்துக் கெஞ்சினான், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம் என்றான். மிதித்தால்தான் வருவேன் என்று நின்றான் சடையப்பன். கண்ணை மூடி, பல்லைக் கடித்து, முழங்காலை இறுக்கிக்கொண்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக அடிக்குத் தயாராகிற மனிதனின் முகம் அவனுக்கு இருந்தது. காசிம் செருப்புக் காலைத் தூக்கினான். ஓங்கித்தான் தூக்கினான். இறங்கும்போது வேகம் போய்விட்டது. பாதத்தின் மேல் கால் சும்மா வந்து உட்கார்ந்தது.

சடையப்பன் கண்ணைத் திறந்தான். காலைப் பார்த்தான், பிறகு காசிமின் முகத்தைப் பார்த்தான்.

"நேத்து பதினோரு பேரு மிதிக்கறதப் பின்னால நின்னு பாத்துக்கிட்டுதான இருந்த. அப்ப வராத எரக்கம் இப்ப எதுக்கு மச்சான்?"

காலை உருவிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குத் தானே போய்க்கொள்வதாகச் சொல்லிவிட்டு, சடையப்பன் குடிசைகள் பக்கம் நடந்தான். காசிம் மிதித்த காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.