பாதி விலைக்குப் பயந்தவர்கள்

கத்தரிக்காய்க்கு ஒரு விலை சொன்னால் அதுதான் விலை. மழை கொட்டினாலும் அதுதான், வெயில் கொளுத்தினாலும் அதுதான். கால்வாயோரத் தோட்டத்துக்காரருக்குச் சந்தையில் 'கறார்' என்று பெயர் விழுந்தது இப்படித்தான். மனுஷர் நல்லவர். ஆனால் அவரிடம் காய் வாங்குவதும் தபால் ஆபீசில் தபால்தலை வாங்குவதும் ஒன்றுதான். காசைக் கொடுத்தோமா, வாங்கினோமா, போனோமா என்று இருக்க வேண்டும். வாய்க்கு அங்கே வேலையே கிடையாது.

அவரைப் போய் ஓர் அறக்கட்டளை தன் பாதி விலைத் திட்டத்தில் சேர்த்தது. ஆலைக் குடியிருப்பில் வருமானம் குறைந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மஞ்சள் அட்டை. அட்டையைக் காட்டினால் காய்கறி பாதி விலை. மீதிப் பாதியை அறக்கட்டளை விவசாயிக்குத் தந்துவிடும். ஆறு சனிக்கிழமை வெள்ளோட்டம். அதற்குள் ஐம்பது வீடாவது வாங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் திட்டத்துக்கு மூடுவிழா. இதை நம்பிக் கறார் அவரைக்காய்க்குக் கூடுதலாக நாலு பாத்தி போட்டிருந்தார். திட்டம் படுத்தால் அத்தனையும் மறுபடி மண்டித் தரகரிடம்தான் போகும். மூட்டையை முகர்ந்து, முகத்தைச் சுளித்து, அவர் வைத்ததே விலை.

இன்று ஆறாவது சனிக்கிழமை. இதுவரை வாங்கியது பதினோரு வீடு.

குடியிருப்புக்காரர்கள் வராமல் இல்லை. வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். காலையில் முதல் ஆளாகத் தையல்காரி வந்தாள். அவளை 'ஊசி' என்பார்கள். கையில் இருப்பதைவிட வாயில் இருப்பது கூர்மை. கத்தரிக்காயை எடுத்து அழுத்தினாள், காம்பை நகத்தால் கீறினாள், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குறை ஒன்றும் அகப்படவில்லை.

“என்ன விலைண்ணே?”

“கிலோ நாற்பது. அட்டை இருந்தா இருபது.”

சுட்டதுபோல் காயைக் கூடையில் போட்டாள் ஊசி.

“நான் இன்னும் வாயே திறக்கலியே. அதுக்குள்ள பாதியா இறங்கிட்டீங்க. உள்ள என்ன, புழுவா?”

“புழுவும் இல்ல கிழுவும் இல்லம்மா. இது திட்டம்.”

“போன வருஷமும் ஒருத்தன் இப்படித்தான் அட்டை குடுத்து, பாதி விலைன்னு மிக்ஸி வித்தான். மூணாம் நாள் புகை. எங்க வரிசையில ஒரு வீடு பாக்கியில்லாம புகை. வேணாம் சாமி.”

அவள் நடையைக் கட்ட, பின்னால் நின்ற இருவரும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நழுவினார்கள்.

கீரை கட்டிக்கொண்டிருந்த கறாரின் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “வீடு பார்க்க வந்தவங்க கையில சாவியைத் திணிச்சுட்டு ஓடினா, உள்ள பேய் இருக்குன்னுதானே நினைப்பாங்க? நாற்பதுன்னு சொல்லிட்டுச் சும்மா நில்லுங்க. அவங்களே அடிச்சுப் பேசி இருபதுக்கு வரட்டும். ஜெயிச்சு வாங்கின காய்தான் ருசிக்கும்.”

“என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?”

“பலகையில நாற்பதுன்னுதானே எழுதியிருக்கு? அதைப் படிங்க, போதும்.”

அடுத்துச் சிக்கியவர் ஒரு லாரி கழுவும் ஆள். “நாற்பது” என்றார் கறார். “முப்பத்தெட்டுக்குத் தாங்களேன்” என்று அவர் முடிப்பதற்குள் “இருபது!” என்று கறார் கத்திவிட்டார். அந்த ஆள் பையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மேசைக்கடியில் மனைவியின் கால் கறாரின் கணுக்காலைப் பதம் பார்த்தது.

“இறங்கறதுக்கு முன்னால ஒரு பெருமூச்சு விடுங்க. தராசைத் துடைங்க. என்னைப் பார்த்து முறைங்க.”

“உன்னை எதுக்கு?”

“குறைக்கக் கூடாதுன்னு நான்தான் பிடிச்சு வச்சிருக்கேன்னு நினைக்கட்டும்.”

சந்தையைச் சுற்றி வந்த ஊசிக்கு வேறெங்கும் மனம் ஒட்டவில்லை. திரும்பி வந்தாள். கறார் நாற்பது என்றார். அவள் பத்து என்றாள். கறார் பெருமூச்சு விட்டார். முப்பத்தைந்து. பன்னிரண்டு. தராசு பளபளத்தது. முப்பது. மனைவியை அவர் முறைத்த முறைப்பில் அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கால் மணி நேரம் கழித்து, இருபதுக்கு வாங்கி, அட்டையைக் காட்டி, அறக்கட்டளைச் சீட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டு ஊசி நடந்த நடையைப் பார்க்க வேண்டும்!

“கறாரையே கவுத்துட்டேன்டி!” சேதி குடியிருப்பு முழுக்கப் பரவியது. ஒரு மணி நேரத்தில் கடை முன்னால் வரிசை. ஊசி ஓரமாக நின்று, எங்கே உதட்டைப் பிதுக்குவது, எப்போது பையை மடிப்பது என்று ஒவ்வொருத்திக்கும் பாடம் எடுத்தாள். கறாரும் தேறிவிட்டார். பெருமூச்சு இப்போது தானாகவே வந்தது. பழைய பதினொன்றையும் சேர்த்துச் சீட்டு நாற்பத்தாறைத் தொட்டது.

அப்போதுதான் படிவக் கட்டோடு வந்து நின்றாள் அறக்கட்டளையின் மேற்பார்வைப் பெண். காதில் விழுந்தது 'நாற்பது'. கண்ணில் பட்டது மஞ்சள் அட்டை.

“ஐயா! அட்டை வச்சிருக்கவங்ககிட்ட முழு விலையா கேக்கறீங்க? அவங்களுக்கு இருபதுதானே! நோட்டீஸ்லயே போட்டிருக்கே!”

வரிசை திரும்பியது. எல்லாக் கண்ணும் ஊசி மேல். ஊசியின் கண் கறார் மேல்.

“அப்ப இருபதுக்கு நான் இழுத்துட்டு வரல. நீங்களாத்தான் வந்து நின்னீங்களா?”

மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கறாருக்குப் பெருமூச்சு விடத்தான் தெரியும், பொய் சொல்லத் தெரியாது. “ஆமாம்மா” என்றார்.

வரிசையின் வாலில் இரண்டு பேர் கழன்றார்கள். இன்னும் நாலே வீடு. அதுவும் கைநழுவிப் போகிறது. ஊசி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“சரி, இருபதுலேர்ந்துதான் இப்ப ஆரம்பம். அவரைக்காயும் அதே விலைதானே? பதினஞ்சு.”

கறாரின் முகம் மலர்ந்தது. இது அவருக்குத் தெரிந்த தொழில்.

“இருபது.”

“பதினெட்டு. ரெண்டு கிலோவா எடுத்துக்கறேன்.”

“இருபது.”

“பத்தொன்பது. அடுத்த வாரம் என் நாத்தனாரையும் கூட்டிட்டு வரேன்.”

“கூட்டிட்டு வாம்மா. அவங்களுக்கும் இருபது.”

ஊசி விருட்டென்று திரும்பினாள். மெதுவாகத்தான் நடந்தாள்; பின்னாலிருந்து கூப்பிடுவதற்குக் கடைக்காரருக்கு அவகாசம் கொடுக்கிற நடை. கறார் அடுத்த கூடையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பத்தடி போனவள் நின்றாள்.

“கூப்பிட மாட்டீங்களா?”

“மாட்டேன்மா.”

அவள் திரும்பி வந்து, வரிசையைப் பார்த்துச் சொன்னாள். “சொத்தைக் காயா இருந்தா இந்நேரம் பின்னாலயே ஓடி வந்திருப்பாரு. நானே அசைச்சுப் பாத்துட்டேன், ஒரு காசு இறங்கல. நல்ல சரக்குதான். எடுங்கடி!”

கழன்றவர்கள் திரும்பினார்கள். லாரி கழுவும் ஆள்கூட வந்து ஒரு கிலோ கட்டிக்கொண்டு போனார். மத்தியானத்துக்குள் அவரைக்காய்க் கூடை காலி. மேற்பார்வைப் பெண் சீட்டுகளை இரண்டு முறை எண்ணினாள். ஐம்பத்தெட்டு வீடு.

“அடுத்த சனிக்கிழமையும் கடை உண்டு ஐயா” என்றாள்.

“கடை இருக்கட்டும், கொசுறு எங்க?” என்று பையை விரித்தாள் ஊசி. கறார் அசையவில்லை. மனைவிதான் இரண்டு கட்டுக் கீரையைத் தூக்கிப் போட்டாள். மேற்பார்வைப் பெண் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினாள்.

“கொசுறுக்கு இதுல கட்டமே இல்லையே, ஐயா?”

“அதனால என்னம்மா, அதுலயும் பாதியை அறக்கட்டளை தருமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க” என்றார் கறார்.