தங்கையின் ரத்தம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு முதலில் கைகளில்தான் தெரிந்தது. எங்கேயும் இடித்துக்கொள்ளாமலே நீலம் நீலமாகக் கன்றிப்போயிருந்தது. பிறகு ஈறில் கசிந்த ரத்தம் நிற்கவே இல்லை.

டாக்டர் பெண்மணி பொறுமையாகச் சொன்னாள்.

"எலும்புக்குள்ள ஒரு மூல செல் இருக்கு. மூச்சுக் காத்தைச் சுமக்கற சிவப்பணு, கிருமியோட சண்டை போடற வெள்ளையணு, ரத்தத்தை உறைய வைக்கற தட்டணு, எல்லாம் அதுலேருந்துதான் பிறக்குது. உங்களுக்கு அந்த மூலமே வத்திப்போச்சு. வேற ஒருத்தரோடதை எடுத்து ஏத்தணும். கூடப்பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

மனைவிதான், "ஒரு தங்கச்சி இருக்கா. பேச்சுவார்த்தை இல்ல" என்றாள்.

பல வருடங்களுக்கு முன் அப்பா இறந்த அன்று நடந்தது அது. கடைசி இரண்டு வருடம் அப்பாவுக்கு மலம் அள்ளிப் போட்டு, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டது எல்லாம் தங்கைதான். இவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் குற்றவுணர்ச்சி எப்படித்தான் கோபமாகத் திரும்பியதோ, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், "கண்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் நீதான் அவரைக் கொன்ன" என்று கத்திவிட்டான். அதன்பிறகு தங்கை அவன் வீட்டுப் படி ஏறவில்லை.

மனைவி போன் செய்ததும் தங்கை வந்துவிட்டாள். ரத்த குரூப் வேறாக இருந்தாலும், பரிசோதனையில் திசு வகை அச்சு அசலாகப் பொருந்தியது. அவள் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜையை எடுத்தார்கள். சிவப்பாக ஒரு பை நிறைய வந்து அவன் நரம்பில் சொட்டுச் சொட்டாக இறங்கியது.

மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, அவன் அறைக் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் அவன் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது அவள் இல்லை.

உடம்பு தேறியது. அவனுடைய பி குரூப் ரத்தம் தங்கையின் ஓ குரூப்பாகவே மாறிவிட்டது. அவளைப் பார்க்கப் போகவேண்டும், போகவேண்டும் என்றே ஒரு வருடம் ஓடிற்று.

ஒருநாள் போனான். தையல் மிஷினிலிருந்து எழுந்து, "வாங்க, உக்காருங்க" என்றாள் தங்கை.

சின்ன வயதிலிருந்து வா போ என்று வம்பிழுத்தவள்.

"என்ன புதுசா வாங்க போங்கன்னு?"

"வேற மாதிரி வரல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அப்பா விஷயத்துல நான் சொன்னது தப்பும்மா."

"தெரியும். அன்னைக்கே உங்களுக்கும் தெரியும்." துணியில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்தாள். "அத்தனை பேர் இருக்கறப்ப அதைச் சொன்னீங்க. யாரும் இல்லாதப்ப இதைச் சொல்றீங்க."

"அப்புறம் ஏன் எனக்குக் குடுத்த?"

"சாகட்டும்னு விடுவேன்னா நினைச்சீங்க? கண்ணாடி வழியா பார்த்தேன், உங்க இமை படபடன்னு அடிச்சுது. தூங்கறவனுக்கு அப்படி அடிக்காது. சரி, மாத்திரை எல்லாம் நேரத்துக்குப் போடறீங்களா?"

"ம்."

மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

தெருவுக்கு வந்ததும் சித்தப்பாவுக்குப் போன் போட்டான். அன்று எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தவர் அவர்.

"சித்தப்பா, அப்பா செத்தன்னைக்கு தங்கச்சியைப் பத்தி நான் சொன்னது பொய். அவ மேல ஒரு தப்பும் இல்ல."

"என்னடா இப்ப வந்து? அவதானே அந்த ஆஸ்பத்திரில கொண்டுபோய்ச் சேர்த்தா? ஊருக்கே தெரியும்."

"நான் சொன்னதாலதான் தெரியும். அது பொய் சித்தப்பா."

சித்தப்பா சிரித்தார். "உள்ள ஓடறது அவ ரத்தம் இல்லையா? அதான் அவளுக்குப் பரிஞ்சு பேசற."

போன் வைக்கப்பட்டுவிட்டது. வெயிலில் அப்படியே நின்றான். அன்று அந்தக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொரு முகமாக நினைவுபடுத்திப் பார்த்தான். பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. அத்தையின் எண்ணைத் தேடி எடுத்து அழுத்தினான்.