இருபத்தொரு நாள் கழித்துப் பார்ப்போம்

குருவிகுளம் சுற்றுவட்டாரத்தில் இருபது வருடங்களாக மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறேன். தோள்வரை உறை மாட்டி இடது கையை உள்ளே விட்டால், குடலின் சுவருக்கு அப்பால் சினைப்பை விரலில் தட்டுப்படும். கொட்டைப்பாக்கு அளவுதான் இருக்கும். எந்தப் பக்கம் முட்டை முற்றியிருக்கிறது என்பதை விரலே சொல்லிவிடும். பேச்சு அதிகம் தேவைப்படாத வேலை. எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். ஊசி போட்டும் சினை பிடிக்காத மாட்டின் சொந்தக்காரர்களிடம் மட்டும் ஒரு வாக்கியம் சொல்வேன்: "இருபத்தொரு நாள் கழிச்சுப் பாப்போம்." மாடு மறுபடி பருவத்துக்கு வர அத்தனை நாளாகும்.

சாயங்காலம் சங்கரன்கோவிலுக்குத் திரும்பிக் குளித்துவிட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தால், வீட்டில் என் பங்குப் பேச்சையும் நிர்மலாவே பேசிவிடுவாள். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படித்தான்.

அவளுடைய அம்மா ஐம்பது வயதில் சினைப்பைப் புற்றுநோயில் போனார். அக்கா யோகலட்சுமி போன வருடம் அதே நோயில் போனாள். அக்காவின் ரத்தத்தைச் சோதித்தபோது, நோய் குடும்பத்தில் வழிவழியாக இறங்கி வரும் ஒரு மரபணுப் பிழை தெரியவந்தது. தங்கையும் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். பார்த்தோம். நிர்மலாவுக்கும் இருந்தது.

"உங்களை மாதிரி நூறு பேர்ல நாப்பது பேருக்கு வரை இது வரலாம்மா. உங்களுக்கு இப்போ நாப்பத்தொண்ணு. சினைப்பை ரெண்டையும், அதோட இருக்கிற குழாயையும் எடுத்துட்டா நல்லது," என்றார் திருநெல்வேலி டாக்டரம்மா.

வெளியே வந்ததும் நிர்மலா கேட்ட முதல் கேள்வி, "சினைன்னா மாட்டுக்குல்லா சொல்லுவாக? அந்தம்மாவுக்கு நீங்க மாட்டு டாக்டர்னு தெரிஞ்சு போச்சோ?" என்பதுதான். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஆபரேஷனுக்கு நாள் குறிக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள் என்றிருந்தார்கள். வியாழன் மதியம் வரை அவளும் பதில் சொல்லவில்லை, நானும் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்று எனக்கு விடுப்பு. அவள் சிறுகிழங்கைச் சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோலெடுத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே புத்தகத்தோடு இருந்தேன்.

"ஏங்க, அந்தப் பக்கத்தத் திருப்பி அரை மணி நேரம் ஆச்சு."

நான் பக்கத்தைத் திருப்பினேன்.

"நல்லாத் திருப்புங்க. ஊரு மாட்டுக்கெல்லாம் சினைப்பை பாக்கீக. பொண்டாட்டி விஷயம்னா வாயில கொழுக்கட்டையா?"

"உன் உடம்பு நிர்மலா. நான் என்னன்னு சொல்ல?"

"எம் உடம்புதான். உங்கள்ட்ட உத்தரவா கேக்கேன்? துணைக்கு ஒரு வார்த்த கேக்கேன்." கையிலிருந்த கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "ஒரு நோவு கிடையாது எனக்கு. நல்லா இருக்க உடம்ப எதுக்கு வெட்டணும்? அத எடுத்துட்டா மாசாமாசம் வாறதும் நின்னுருமாம், உடம்பு காந்துமாம், எலும்பு தேயுமாம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன் எடுத்துப் பாப்போம். அப்பம் ஏதும் தெரிஞ்சா எடுத்துக்கிடலாம்லா?"

எடுத்துவிடு என்று சொல்லி, ஆபரேஷன் மேஜையில் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வேண்டாம் என்று சொல்லி, இரண்டு வருடம் கழித்து அவள் வயிறு வீங்கினால்? இந்த இரண்டுக்கும் நடுவில் ஒளிந்துகொள்ள எனக்கு மௌனம் வசதியாக இருந்தது. ஆனால் அவள் சொன்ன "பாப்போம்" காதில் விழுந்தபோது சுருக்கென்றது. அது என்னுடைய வார்த்தை. பதினைந்து நாட்களாக வாயைத் திறக்காமலே நானும் அதைத்தான் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புத்தகத்தை மூடினேன்.

"மாட்டுக்கு நான் கைய விட்டுப் பாக்கேன். விரல்ல படுது. அதனால அடுத்த தடவை பாப்போம்னு தைரியமாச் சொல்லுதேன். இது அப்படி இல்ல நிர்மலா. ஆரம்பத்துல இது எந்தக் கைக்கும் படாது, ஸ்கேன்லயும் அநேகமாத் தெரியாது. தெரியுறப்ப பரவியிருக்கும். உங்க அக்காவுக்குத் தை மாசம் எடுத்த ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னுதான் எழுதியிருந்துச்சு. ஆடியில வயிறு பூராத் தண்ணி. பாத்துக்கிட்டே இருக்கதால நமக்கு மனசு ஆறும், அவ்வளவுதான். எனக்குப் பயமா இருக்குட்டி. எடுத்திரு."

அவள் சாக்கைக் கீழே வைத்தாள்.

"கல்யாணத்தன்னைக்கு இருந்து இன்னைக்கு வர, சேந்தாப்புல இம்புட்டுப் பேசுனது இல்ல நீங்க. தண்ணி குடிக்கீகளா?"

"வேண்டாம்."

"எடுத்துட்டா அப்புறம் வரவே வராதாமா?"

"அப்படிச் சொல்ல மாட்டாக. ரொம்பக் கொறஞ்சிரும். இந்தப் பிழை இருந்தா மார்புலயும் வரலாமாம், அத மட்டும் வருஷா வருஷம் தனியாப் பாக்கணும்."

"உடம்பு காந்துனா?"

"மாத்திரை இருக்காம். டாக்டரம்மாட்ட கேப்போம். இல்லாட்டா நான் விசிறுதேன்."

"ஆமா, ஒரு கையில புத்தகம், ஒரு கையில விசிறி. ரெண்டு வீசு வீசிட்டு அப்படியே நின்னுரும்." கண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "நம்ம ஈஸ்வரிக்கும் இருக்குமோ?"

ஈஸ்வரி எங்கள் ஒரே மகள். கோயம்புத்தூரில் படிக்கிறாள்.

"இருக்கலாம். இல்லாமலும் போகலாம். இன்னும் அஞ்சாறு வருஷம் போகட்டும், அவளே பாத்து முடிவு பண்ணட்டும்."

"அப்பம் அவகிட்டச் சொல்ல, நான் பண்ணியிருக்கணும்லா," என்றாள் நிர்மலா. கையைக் கழுவிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு அவளே போன் போட்டாள்.

வயிற்றில் மூன்று சின்னத் துளைகள்தான். இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். எடுத்ததைச் சோதித்த முடிவை வாங்க மூன்று வாரம் கழித்துத் திருநெல்வேலிக்குப் போனோம். டாக்டரம்மா இரண்டு முறை படித்துப் பார்த்தார். கெட்ட அணு எங்கேயும் இல்லை, எல்லாம் சுத்தம் என்றார். நிர்மலா கும்பிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் மானூர் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தனை தூரம் அவள் பேசாமல் வந்து நான் பார்த்ததே இல்லை.

"அப்பம், நல்லா இருந்ததையா எடுத்துப் போட்டோம்?" என்றாள் திடீரென்று.

"ஆமா. நல்லா இருக்கப்பவே எடுத்துட்டோம்."

தலையை ஆட்டினாள். ஆனால் முகம் வெளியே திரும்பியே இருந்தது. அவளை அந்த மௌனத்தில் தனியே விட எனக்கு மனமில்லை. அதற்குள் இருந்து பழகியவன் நான். பேச ஆரம்பித்தேன். இளையரசனேந்தலில் துரைப்பாண்டியின் கிடாரி என் செருப்பை மிதித்துக்கொண்டு கால் மணி நேரம் நகர மறுத்ததை. உறை கிழிந்த அன்று மூன்று சோப்பு போட்டுக் குளித்தும் டீக்கடைக்காரர் தள்ளி நிற்கச் சொன்னதை. தேவர்குளம் போனது. வன்னிக்கோனேந்தல் போனது. முன் சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

பனவடலிச்சத்திரத்தில் நிர்மலா என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கொஞ்ச நேரம் சும்மா வாங்களேன். காது வலிக்கு."