கோட்டின் மேல்பாக்கெட்

கோட்டின் முதுகை வெட்டினால்தான் போட முடியும் என்று சவப்பெட்டிக் கடைக்காரர் தெலுங்கில் மெதுவாகச் சொன்னார். காலரிலிருந்து கீழ்விளிம்பு வரை நேராக ஒரு வெட்டு. முன்னால் நின்று பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது, எல்லோருக்கும் அப்படித்தான் செய்கிறோம் என்றார்.

தேவராஜ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகனுக்கு நானே உடுத்துவேன் என்று பிடிவாதமாக அறைக்குள் வந்தவர், வந்ததிலிருந்து கட்டில் பக்கம் திரும்பவில்லை. மகள் ஹெலன்தான் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். கடைக்காரர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. கோட்டை மேசைமேல் குப்புற விரித்து, நடுத்தையலைத் தடவிக் கண்டுபிடித்து, தானே வெட்டினாள். உள்துணி கத்தரிக்குப் பிடி கொடுக்காமல் வழுக்கியது. போன வாரம்தான் தையற்கடையிலிருந்து வந்த கோட்டு. துணியில் இன்னும் இஸ்திரி வாசம் இருந்தது.

கட்டிலில் அவள் தம்பி மனோஜ் கிடந்தான். நேற்றுச் சாயங்காலம் ஆபீஸ் முடிந்து பைக்கில் வந்தவனைத் தண்ணீர் லாரி ஒன்று இடித்துவிட்டது. பிரேதப் பரிசோதனை முடித்து இன்று காலையில்தான் கொடுத்தார்கள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வந்தவர்கள், சர்ச்சிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். கழுத்துக்குக் கீழே என்ன இருந்தது என்பது ஹெலனுக்கும் கடைக்காரருக்கும் மட்டும் தெரியும்.

அவனிடம் இருந்த ஒரே கோட்டு அதுதான். அடுத்த மாதக் கல்யாண வரவேற்புக்குத் தைத்தது. அது வேண்டாம், வேறு ஏதாவது போடலாம் என்று தேவராஜ் காலையில் ஒரு தடவை சொன்னார். ஹெலனின் அம்மா ஸ்டெல்லா ஹாலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“ஆசப்பட்டு தெச்சிக்கினான். எம் புள்ள அதப் போட்டுக்கினுதான் போவான்” என்றாள்.



சட்டையின் கழுத்துப் பித்தான் பூட்ட வரவில்லை. டை வந்து மூடிக்கொள்ளும் என்றார் கடைக்காரர். டை ஏற்கெனவே முடிச்சுப் போட்டபடி அலமாரியில் தொங்கியது. போன ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தபோது முடிச்சு அழகாக விழுந்துவிட்டதென்று மனோஜ் அதை அவிழ்க்காமலே தலைவழியாகக் கழற்றி மாட்டியிருந்தான். இப்போது அது தலைவழியாகப் போகவில்லை. ஹெலன் அதையும் பின்னால் வெட்டினாள். இரண்டு முனைகளையும் காலருக்கு அடியில் செருகினாள்.

அலமாரியின் மேல்தட்டில், மெல்லிய வெள்ளைக் காகிதத்துக்குள், அந்தக் கர்ச்சீப் இருந்தது.

அதைத் தேர்ந்தெடுக்கப் போனபோது ஹெலனும் கூடப் போயிருந்தாள். செகந்திராபாத் ஜெனரல் பஜாரில் மனோஜும் அவன் கட்டிக்கொள்ளப் போகிற ஸ்ரீஜாவும் அவளும் ஒரு மத்தியானம் முழுக்க அலைந்தார்கள். கருநீலத்தில் கோட்டுத் துணி, வெள்ளைச் சட்டை, சின்னப் புள்ளி போட்ட அரக்கு நிற டை என்று அதுவரைக்கும் சண்டையில்லாமல் முடிந்தது. கோட்டின் மேல்பாக்கெட்டில் வைக்கும் கர்ச்சீப்பில்தான் வந்தது. டையும் கர்ச்சீப்பும் ஒரே துணியில் ஒரு டப்பாவில் போட்டு விற்றார்கள். மனோஜ் அதை எடுத்துக்கொண்டான். ஸ்ரீஜா அதை வாங்கித் திரும்ப வைத்தாள். ரெண்டும் ஒரே துணியாக இருந்தால் ஹோட்டல் யூனிஃபார்ம் மாதிரி இருக்கும், டையில் இருக்கிற நிறம் கர்ச்சீப்பில் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் போதும் என்றாள். அப்படியானால் சட்டையோடு சேர வெள்ளையே வாங்கிவிடலாம் என்றான் மனோஜ். வெள்ளை எல்லாவற்றுக்கும் பொருந்தும், அதனாலேயே கல்யாணத்துக்கு நன்றாக இருக்காது என்றாள் அவள்.

கடைசியில் அவளுடைய கல்யாணப் புடவையின் ரவிக்கைத் துணியில் மிஞ்சியதை வெட்டி, ஓரம் தைத்துக் கொண்டுவந்தாள். சந்தன நிறப் பட்டு. ஒரு பக்கம் மட்டும் விரலகலத்துக்கு அரக்குக் கரை. அந்த ஞாயிற்றுக்கிழமை மனோஜ் கண்ணாடி முன்னால் நின்று அதை முக்கோணமாக மடித்தான், கூம்பாகச் செருகினான், பூப்போல உப்ப வைத்தான். ஸ்ரீஜா பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து போய் நேராக மடித்து வைத்தாள். கரை மட்டும் பாக்கெட்டுக்கு மேலே ஒரு கோடாகத் தெரிந்தது. ஸ்டெல்லா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, ஹவ், ஆமா, இப்பத்தான் மாப்பிள்ளை மாதிரி இருக்கான் என்று சொன்னாள்.

இன்று காலையில், உடலை வாங்க ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது, ஸ்ரீஜா போன் செய்தாள். அவள் அழவில்லை. அந்தக் கோட்டைத்தான் போடப் போகிறீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் ஹெலன்.

“அண்ணி, அந்தக் கர்ச்சீப்ப வெச்சிருங்க. கரை மேல தெரியற மாதிரி. அவருக்கு மடிக்கத் தெரியாது.”

வைக்கிறேன் என்று ஹெலன் சொன்னாள். சொன்னபடியே இப்போது மடித்தாள். படுத்திருக்கிறவனின் பாக்கெட்டில் பட்டு நிற்காமல் உள்ளே இறங்கியது. அடியில் ஒரு குண்டூசி குத்தி நிறுத்தினாள். கோடு நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள். கடைக்காரரும் பார்த்துவிட்டு, மரியாதையாகத் தலையை அசைத்தார். பிறகு ஹாலில் குளிர்பெட்டி வந்துவிட்டதா என்று பார்க்க வெளியே போனார்.

அவர் போனதும் ஸ்ரீஜாவின் அப்பா ராஜகோபால் கதவருகே வந்து நின்றார். கும்பகோணத்திலிருந்து மருந்துக் கம்பெனி வேலைக்கு வந்து குகட்பள்ளியிலேயே தங்கிவிட்டவர். வேற்று மதத்தில் பெண்ணைக் கொடுக்க ஒரு வருஷம் யோசித்தார். யோசித்துச் சம்மதித்தபின் ஒரு குறையும் வைக்கவில்லை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் தேவராஜின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சம்பந்தி சம்பந்தி என்று வாய் நிறையக் கூப்பிடுவார்.

உள்ளே வந்து மனோஜின் முகத்தைப் பார்த்தார். பார்வை கீழே இறங்கி மேல்பாக்கெட்டில் நின்றது. சட்டைக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சார்” என்றார் தேவராஜைப் பார்த்து. “ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கப்படாது.”

தேவராஜ் அப்போதுதான் ஜன்னலை விட்டுத் திரும்பினார்.

ராஜகோபால் சொன்னது கோர்வையாக வரவில்லை. மனைவி நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஊரிலிருந்து மைத்துனர் போன் மேல் போன் செய்கிறார். ஸ்ரீஜா போனில் சொன்னதை வீட்டில் கேட்டிருக்கிறார்கள். முகூர்த்தப் புடவைத் துணி அது. அது பையனோடு மண்ணுக்குள் போனால் அப்புறம் அந்தப் பெண்ணுக்கு என்ன இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். தனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் நாளைக்கு யாராவது சொல்லிக்காட்டினால், சொல்லிக்காட்டுகிறவர்கள் வாயை அவரால் மூட முடியாது.

“அவளுக்கு இருவத்தாறு வயசுதான் ஆறது சார். இன்னும் வாழணும். அத மட்டும் எடுத்துடுங்கோ.”

தேவராஜ் கர்ச்சீப்பைப் பார்த்தார், பிறகு ஹெலனைப் பார்த்தார். நீயே பார்த்துச் செய் என்பதுபோலக் கையை மட்டும் அசைத்துவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

“ஸ்ரீஜாவுக்குத் தெரியுமா?” என்று ஹெலன் கேட்டாள்.

“தெரியாது. தெரியவும் வேணாம்மா. மாத்திரை குடுத்துப் படுக்க வெச்சிருக்கோம். இங்க அழச்சிண்டு வரப்போறதில்ல.”

அவர் குரலில் அதிகாரம் இல்லை. வேண்டுகிறவனின் குரல்தான். இரண்டு கையையும் கோர்த்துத் தொப்புளுக்கு மேலே வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹெலனுக்கு அவர்மேல் கோபம் வரவேண்டும்போல இருந்தது. வரவில்லை. இறந்தவனுக்கு இனி ஒன்றும் இல்லை, அவளுக்குத்தான் எல்லாம் இருக்கிறது என்று அவர் சொல்லாமல் சொன்னதில் மறுத்துப் பேச எதுவும் இல்லை. கொடுத்த வாக்கு ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

குனிந்து ஊசியை உருவினாள். விரலில் குத்திவிட்டது. பட்டுத் துணியை எடுத்து, மடிப்புக் கலையாமல் அந்த வெள்ளைக் காகிதத்திலேயே சுற்றி அவர் கையில் வைத்தாள். அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

பாக்கெட் கொஞ்சம் வாய் பிளந்து நின்றது. ஹெலன் அப்பாவின் அலமாரியிலிருந்து சலவைக்குப் போய் வந்த வெள்ளைக் கர்ச்சீப் ஒன்றை எடுத்து, நேராக மடித்து வைத்தாள்.

மனோஜை ஹாலுக்குக் கொண்டுவந்து குளிர்பெட்டியில் கிடத்தினார்கள். ஸ்டெல்லா எழுந்து வந்து கண்ணாடிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். தலைமுடியிலிருந்து கால்வரை, ஸ்கூலுக்கு அனுப்புமுன் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

“அது எங்கடி? அந்தப் பட்டு?”

“கறை பட்டுடுச்சும்மா.”

ஸ்டெல்லா அவள் முகத்தைப் பார்த்தாள். என்ன கறை என்று கேட்கவில்லை. கண்ணாடிமேலிருந்து கையை எடுத்துப் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். பக்கத்திலிருந்த பெண்கள் அவளைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

சர்ச்சில் ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது வெயில் தாழ்ந்திருந்தது. பாஸ்டர் ஜெபம் செய்தார். பெட்டியை மூடுமுன் கடைசியாகப் பார்க்கிறவர்கள் பார்க்கலாம் என்று சொன்னார். வரிசை நகர்ந்து முடிகிற நேரத்தில் வெளிவாசலில் ஒரு கார் வந்து நின்றது. மனோஜின் ஆபீஸ் நண்பன் இர்பான் ஓட்டி வந்திருந்தான். முன்சீட்டிலிருந்து ஸ்ரீஜா இறங்கினாள்.

தலை வாரியிருக்கவில்லை. நேற்று ஆபீசுக்குப் போட்டுப்போன உடுப்போடு இருந்தாள் என்பது அதன் கசங்கலிலிருந்தே தெரிந்தது. ராஜகோபால் கூட்டத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்து அப்படியே நின்றுவிட்டார். அவள் அவரைத் தாண்டி வந்தாள். வழி விட்டார்கள்.

பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் மனோஜின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு டையின் முடிச்சை ஒரு விரலால் தொட்டாள். விரல் அங்கிருந்து பாக்கெட்டுக்குப் போய் வெள்ளைக் கர்ச்சீப்பின்மேல் நின்றது.

“அண்ணி” என்றாள், திரும்பாமலே. “அத யாரு எடுத்தா?”

ராஜகோபால் அவளுக்குப் பின்னால் கை எட்டும் தூரத்தில் நின்றிருந்தார். அவருடைய சட்டைப்பையின் உப்பல் ஹெலனுக்குத் தெரிந்தது. அவர் தலை குனிந்திருந்தது. உதடு அசைந்தது. சொல்லிவிடப் போகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. இந்தப் பெண் இன்று சாயங்காலம் போய்ச் சேரவேண்டியது அந்த வீட்டுக்குத்தான். நாளைக்கும், அதற்கு மறுநாளும், ஒரு வாய் சாதம் சாப்பிடு என்று சொல்ல அங்கே அவர்தான் இருப்பார்.

“நாந்தான்” என்றாள் ஹெலன்.

“நீங்களா?”

“ஹவ். நாந்தான் எடுத்தேன்.”

“ஏன்?”

“வேணாம்னு பட்டுச்சு.”

ஸ்ரீஜா இப்போது திரும்பி அவளைப் பார்த்தாள். “நான் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான கேட்டேன்.”

ஸ்ரீஜா பெட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, ஹெலன் நின்ற பக்கம் வராமல், சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் நின்றாள். மூடி வைத்துத் திருகினார்கள். கயிற்றில் இறக்கும்போது தேவராஜ் குழியின் விளிம்புக்கே போய்விட்டார். இர்பான்தான் ஓடிவந்து பிடித்தான். ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். ஸ்ரீஜா போட்டபின் ராஜகோபால் அவளைத் தோளில் சாய்த்து வாசலுக்கு நடத்திப் போனார். அவள் அவர்மேல் முழுப் பாரத்தையும் போட்டு நடந்தாள். காரில் ஏற்றிவிட்டு அவர் ஒருமுறை திரும்பி ஹெலன் நின்ற பக்கம் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்.

வீடு திரும்பியபோது யாரோ சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்தார்கள். குவார்ட்டர்ஸ்காரர்கள் பெரிய பாத்திரத்தில் சாம்பார் சாதம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வந்தவர்கள் சாப்பிட்டார்கள். தேவராஜையும் இரண்டு வாய் சாப்பிடவைத்தார்கள். இருட்டத் தொடங்கியதும் ஒவ்வொருவராகச் சொல்லாமல் கிளம்பினார்கள்.

ஹெலன் வெளியே நாற்காலிகளை அடுக்கிவிட்டு உள்ளே வந்தபோது ஹாலில் குளிர்பெட்டி இல்லை. கடையிலிருந்து வந்து எடுத்துப் போய்விட்டார்கள். அது இருந்த இடத்தில் தரை நீளமாக நனைந்திருந்தது. ஸ்டெல்லா முழங்காலிட்டு உட்கார்ந்து, பழைய போர்வை ஒன்றால் அந்தத் தண்ணீரை ஒற்றி வாளியில் பிழிந்துகொண்டிருந்தாள்.

“குடும்மா, நான் தொடைக்கறேன்.”

“நக்கோ, வேணாம். வழுக்கும், நீ அந்தப் பக்கமா வா.”

ஹெலன் சுவரோரமாக நடந்து போய் நின்றாள். கொஞ்ச நேரத்தில் ஈரம் முழுக்கப் போய்விட்டது. ஸ்டெல்லா போர்வையை மறுபடி உதறி விரித்து, காய்ந்த தரையை ஒரு மூலையிலிருந்து துடைக்கத் தொடங்கினாள்.