வியாழக்கிழமைச் சிவப்பு

1988 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, நியூ ஜெர்சியின் பெல்லோஸ் கிரீக் ஊரில், லோர்னா ஹுடாக் ஒரு சொட்டுப் பெயின்ட்கூட விடாத வெறும் தண்ணீரில் முக்கியெடுத்த கிட்டார் ஐந்து நிறத்தில் வெளியே வந்தது. அன்று காலை லேசாகப் பனி தூறியது. முட்டை விலை ஏறியிருந்தது. வேறு விசேஷம் எதுவும் இல்லை.

அந்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் தலைமுடி வளர்த்த ஒவ்வொரு பையனுக்கும் சுழல் வண்ணம் பூசிய கிட்டார் வேண்டியிருந்தது. லோர்னா அதைத் தன் கார் ஷெட்டில் செய்துகொடுத்தாள். கழுத்தையும் கம்பிகளையும் கழற்றிவிட்டு, மிஞ்சிய கட்டைக்கு வெள்ளை அடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கழுத்து இருந்த இடத்தில் ஒரு மரப்பிடியைத் திருகுவாள். பெரிய தொட்டியில் வெங்காரம் என்கிற போராக்ஸ் உப்பைக் கரைத்த தண்ணீர். அதன்மேல் எனாமல் பெயின்ட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டால் மூழ்காமல் பாலேடு மாதிரிப் பரவும். குச்சியால் அதை இழுத்து வளைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டையை மெதுவாக அமுக்குவாள். ஏடு கட்டையைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும். மேலே மிச்சம் மிதப்பதைச் செய்தித்தாளால் வழித்தெடுத்துவிட்டுக் கட்டையைத் தூக்க வேண்டும். கை ஒரு தடவை நடுங்கினால், கொம்பு வளைவில் ஒரு காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டால், எல்லாவற்றையும் தேய்த்துத் தள்ளிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவளுக்குக் கை நடுங்காது. வாய்தான் சும்மா இருக்காது. ஷெட்டிலிருந்து வரும் வசவுகளைக் கேட்டே அன்று வேலை எப்படி நடக்கிறது என்று அண்டைவீட்டார் தெரிந்துகொள்வார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, திருகு ஓட்டைகளை அடைத்த மெழுகு தண்ணீரில் நிற்கிறதா என்று பார்க்கத்தான் அவள் கட்டையை முக்கினாள். வெளியே எடுத்தபோது நீலத்தின்மேல் ஊதா வழிந்து, அதற்குள் பித்த மஞ்சளும் பாசிப்பச்சையும் நெளிந்து, நடுவே ஒரு சிவப்பு சுருண்டிருந்தது. பத்து வருடத்தில் அவள் கையால் அவ்வளவு நல்ல சுழல் விழுந்ததில்லை. ஆனால் அந்தச் சிவப்பு அவளுடைய எந்த டப்பாவிலும் இல்லாதது. அவள் அதைத் தலையணை உறையில் பார்த்திருந்தாள். அவள் கணவன் வெர்ன் ஹாவர்லின் சாயக் கம்பெனியில் வேலை பார்த்தான். ஊரில் பாதிப்பேர் அங்கேதான் வேலை பார்த்தார்கள். கம்பெனியில் அன்றைக்கு எந்தச் சாயம் காய்ச்சினார்களோ அதுவே ஆண்களின் வியர்வையில் இறங்கித் தலையணையில் ஊறும். திங்கட்கிழமை நீலம், புதன்கிழமை மஞ்சள், வியாழக்கிழமை சிவப்பு. எந்த ப்ளீச்சும் அதை எடுக்காது. எங்கள் ஊர்ப் பெண்கள் அதை அதிசயம் என்று நினைத்ததில்லை, துணி துவைக்கும் தொல்லை என்றே நினைத்தார்கள்.

லோர்னா மழைத்தண்ணீரைப் பிடித்து ஒரு கட்டையை முக்கிப் பார்த்தாள். வெள்ளையாகவே வந்தது. அடுத்த ஊரிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். வெள்ளை. குழாய்த் தண்ணீரில் மட்டும் சுழல் விழுந்தது, ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி. ஈரம் காயாத ஒரு கட்டையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் வாரிய அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, சூப்பரா இருக்கே! என் மச்சான் பையனுக்கு ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டார். அவள் அவர் மேசைமேல் இருந்த காபியைத் தரையில் கொட்டிவிட்டு வந்தாள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

பிரதான சாலையில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த கார்மைன் ஸ்கெர்போதான் அவளுக்கு வேலை கொண்டுவந்து தருகிறவன். புதுக் கட்டைகளைப் பார்த்து அவனுக்கு வாயெல்லாம் பல்.

"லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து போன் மேல போன். எப்படிடீ பண்றே?"

"நான் பண்ணலே. குழாய் பண்ணுது."

"எது பண்ணினா என்ன தாயே, நல்லா போகுதில்லே?"

"அந்தத் தண்ணியிலதான் உங்கம்மா சூப் வைக்கிறா, கார்மைன்."

"எங்கம்மாவுக்குத் தொண்ணூறு வயசு. இனிமே அவளுக்கு என்ன ஆகப்போகுது?" என்றான். அவள் அந்தக் கட்டையை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு குழாய்த் தண்ணீரில் முக்கியது எதையும் அவள் விற்கவில்லை.

வெர்ன் அமைதியான மனிதன். இருபது வயதில் ஹாவர்லினுக்குப் போனவன். முட்டைக்கோஸ் வதக்கலும் மாவு உருண்டையும் சாப்பிட்டுக்கொண்டே அவன், "இந்த வீடு ஹாவர்லின் குடுத்தது. உன் ஷெட்டும்தான்" என்பான். "உன் தலையணையும்தான்" என்பாள் அவள். அப்படி ஒரு கோடை போயிற்று.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை வெர்ன் கழிப்பறையில் தண்ணீர் ஊற்ற மறந்துபோனான். பின்னால் போன லோர்னா பீங்கானில் சிவப்பைப் பார்த்தாள். திங்கட்கிழமை நீலம் காய்ச்சுகிற நாள். கதவில் சாய்ந்து நின்றபடியே அவனைக் கூப்பிட்டாள்.

"இது எத்தனை நாளா?"

"ஈஸ்டர்லேர்ந்து. சாயம்தான். கம்பெனி டாக்டர்கிட்ட காட்டிட்டேன்."

"என்ன சொன்னான் அவன்?"

"சாயம்தான் வெர்ன், நிறைய தண்ணி குடின்னாரு. குடிச்சிட்டுத்தான் இருக்கேன்."

அவன் குடித்துக்கொண்டுதான் இருந்தான். ஒவ்வொரு சாப்பாட்டோடும் ஒரு ஜாடி, குழாயிலிருந்து நேராக. லோர்னாதான் பிடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் சமையலறைக்குப் போய் அந்த ஜாடியைச் சுவரில் வீசினாள். சுவரில் பட்ட தண்ணீர் சுழன்று சுழன்று காய்ந்தது. எவ்வளவு சுண்ணாம்பு அடித்தும் அந்த இடம் மறையவில்லை. நகரத்து மருத்துவமனையில் வெர்னின் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, சிறுநீர்ப்பையில் தொடங்கியது எங்கெங்கோ போய்விட்டது என்று சொல்லி மூடினார்கள். பிப்ரவரியில் அவன் செத்துப்போனான். சவச்சடங்கு செய்கிறவர், உடம்பைக் கழுவக் கழுவ அதில் நிறம் ஏறுகிறது, அதனால் முழுக்கைச் சட்டை போடலாம் என்று யோசனை சொன்னார். சாயக் கம்பெனிக்காரர்களுக்கு எப்போதும் அப்படித்தான் செய்வதாம். லோர்னா அரைக்கைச் சட்டை கொண்டுவந்து கொடுத்தாள்.

வசந்தத்தில் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் ஊர்த் தண்ணீரைப் பற்றிப் பேசக் கூட்டம் போட்டார்கள். ஹாவர்லினின் சார்பில் மெல்வின் ஆஷ்கிராஃப்ட் என்பவர் வந்திருந்தார். நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, மணிக்கட்டில் தங்கப் பொத்தான். கூடத்துக் குழாயில் ஒரு தம்ளர் தண்ணீர் பிடிக்கச் சொல்லி எல்லோர் முன்னாலும் குடித்தார். கைதட்டினார்கள். கைதட்டியவர்களைக் குறைசொல்ல முடியாது, அவர்களுக்கு அது அவ்வளவு தேவையாக இருந்தது. லோர்னா கடைசி வரிசையிலிருந்து தன் தொட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அதே குழாயில் ரப்பர்க் குழாய் மாட்டி, எல்லோரும் பார்க்க அதை நிரப்பினாள்.

"குடிச்சீங்க, சரி. கைய விடுங்க."

"மிஸஸ் ஹுடாக், உங்க வருத்தம் எனக்குப் புரியுது..."

"என் வருத்தத்தை நான் பாத்துக்கறேன். நீங்க கைய விடுங்க. வெறும் தண்ணிதானே, கடிக்கவா போகுது?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்துக்கொண்டே வலக்கையை முழங்கைவரை விட்டார். வெளியே எடுத்தபோது சட்டைக் கையும் தோலும் நகமும் ஒரே வீச்சில் நீலமும் ஊதாவும் மஞ்சளுமாகச் சுழன்றிருந்தன. சிவப்பு உள்ளங்கையில் சுருண்டிருந்தது. தங்கப் பொத்தானில்கூட ஒரு கோடு ஏறியிருந்தது. முதல் வரிசையில் இருந்த தொழிலாளிகள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் கொட்டகை நீலம், பழைய கொதிகலன் ஊதா என்று ஒவ்வொரு நிறத்தையும் சொந்தப் பிள்ளையை அடையாளம் காட்டுவதுபோலச் சொன்னார்கள். ஆஷ்கிராஃப்ட் கைக்குட்டையால் துடைத்தார். போகவில்லை. எப்போதுமே போகவில்லை.

அதற்குப் பிறகு கூட்டம் ஹாவர்லின்மேல் பாய்ந்தது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் ஐரீன் பலூச் எழுந்து நின்றாள். அவள் கணவனும் மகன்களும் கொதிகலன் கொட்டகையில் இருந்தார்கள்.

"அவங்க கதவ மூடிட்டுப் போயிட்டா என் வீட்டுக்கு நீ வந்து சோறு போடுவியா, லோர்னா? உன் புருஷன் போயிட்டான். அதுக்காக எங்க எல்லார் பொழைப்பையும் கெடுக்கணுமா?"

இதற்கும் கைதட்டினார்கள், முதலில் தட்டியதைவிடப் பலமாக. அந்த வாரம் லோர்னாவின் ஷெட் கண்ணாடிகளை உடைத்தார்கள். கடையில் அவளுக்கு ரொட்டி தீர்ந்துபோயிற்று. அவளுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு இருந்தது. ஆஷ்கிராஃப்ட் தலைமை அலுவலகத்துக்குப் பதவி உயர்வோடு மாற்றப்பட்டார். செய்தித்தாள் படங்களில் அவர் எப்போதும் கையுறை போட்டிருப்பார்.

லோர்னா உடைந்த கண்ணாடியைப் பெருக்கித் தள்ளிவிட்டு ஒரு கட்டையை எடுத்தாள். வெள்ளை அடித்தாள், தேய்த்தாள், குழாய்த் தண்ணீரில் முக்கினாள், காய்ந்ததும் பின்பக்கம் வெர்ன் ஹுடாக் என்று சுட்டு எழுதி ஹாவர்லினின் கம்பிவேலியில், பெரிய வாசலுக்கு நேர் எதிரே, கட்டித் தொங்கவிட்டாள். காவலாளி அறுத்து எறிந்தான். அவள் இன்னொன்று மாட்டினாள். வருடம் முழுக்க இந்தச் சண்டை நடந்தது. காவலாளி அறுப்பதை ஒருநாள் நிறுத்திக்கொண்டான், அவனுக்கும் சிறுநீரில் சிவப்பு போக ஆரம்பித்திருந்தது.

மறு இலையுதிர்காலத்தில் ஐரீன் ஷெட் வாசலில் வந்து நின்றாள். கையில் மடித்த தலையணை உறை. உள்ளே வா என்று லோர்னா சொல்லவில்லை.

"எங்க வீட்டுக்காரரும் போயிட்டாரு. அவருக்கு ஒண்ணு பண்ணித் தர்றியா?" என்றாள் ஐரீன்.

"கண்ணாடி உடைச்சது உன் மகனா?"

"பெரியவன்."

"அவனை வரச்சொல்லு. கட்டையை அவன் தேய்க்கட்டும். தோள்பட்டை கழண்டுபோற வரைக்கும் தேய்க்கட்டும்."

பெரியவன் வந்து தேய்த்தான். லோர்னா அவனைத் திட்டிக்கொண்டே இருந்தாள். அவனும் தேய்த்துக்கொண்டே அழுதான். பிறகு மற்ற வீடுகளிலிருந்தும் வந்தார்கள். வேலி நிறைந்து மறுபக்க வேலிக்கும் போயிற்று. காற்றடித்தால் கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் மாதா கோயில்வரை கேட்கும். தூரத்திலிருந்து இசைக்காரர்கள் கார் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார்கள். யாரும் ஒன்றைக்கூட விலைக்குக் கேட்கத் துணியவில்லை.

ஹாவர்லின் 1996-இல் கதவை மூடிக்கொண்டு தெற்கே போனது. தண்ணீர் மலிவாகக் கிடைக்கும் இடம் என்று சொன்னார்கள். போகும்போது ஊருக்கு ஒரு பூங்கா கொடுத்தது. அரசாங்கம் புதுக் குழாய் பதித்து வேறு ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தது. முதல் மாதம் லோர்னா முக்கிய கட்டை வெள்ளையாக வந்தது. இரண்டாம் மாதம் ஓரத்தில் ஊதா. குழாய் புதுசு, மண் பழசு. அவள் அந்தக் கட்டையைக் கொண்டுபோய் வாரியத்தின் வாசற்படியில் வைத்தாள். புது அதிகாரி அதைச் சுவரில் மாட்டிவைத்திருக்கிறார்.

அந்த வருடம் கார்மைனின் பேத்தி பிறந்தாள். முதுகில், தோள் எலும்புகளுக்கு நடுவே, பச்சையும் மஞ்சளுமாக ஒரு சுழல். கார்மைன் லோர்னாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். ரொம்ப நாளாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"பாரேன் லோர்னா, எவ்வளவு அழகா..."

"அழகுன்னு இன்னொரு தடவை சொன்னே, உன் பல்லையெல்லாம் பிடுங்கி உன் கையிலயே குடுத்துடுவேன்" என்றாள் அவள். தாதி வந்து சத்தம் போடக்கூடாது என்றாள். லோர்னா இன்னும் சத்தமாகப் பேசினாள். குழந்தை முழித்துக்கொண்டு அழுதது. அவள் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, திட்டுவதை நிறுத்தாமலே, முதுகைத் தட்டித் தூங்கவைத்தாள்.

அதற்குப் பின் பிறந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு முதுகில் அந்தச் சுழல் இருக்கிறது. டாக்டர்கள் இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை. லோர்னா இன்னமும் எல்லாக் கூட்டத்துக்கும் போய்க் கத்துகிறாள். கத்தி முடிக்கும்வரை காத்திருந்து அடுத்த விஷயத்துக்குப் போகிறார்கள். கம்பளி நூல் கடையில் முன்பெல்லாம் பிறக்கப்போகும் குழந்தைக்கென்று வெள்ளையோ இளநீலமோ வாங்கி ஆறேழு மாதம் முன்னாலேயே போர்வை பின்னத் தொடங்குவார்கள். இப்போது யாரும் அவசரப்படுவதில்லை. குழந்தை பிறந்து முதுகைப் பார்த்த பிறகுதான், அதற்குப் பொருத்தமான நிறத்தில் நூல் வாங்குகிறார்கள்.