நீக்கப்பட்டவை: பதினொன்று

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. ஒளிக்க ஒன்றுமில்லை. மாமல்லபுரம் கடற்கரை விடுதி ஒன்றில், ரத்தப் புற்றுநோயைக் கணினி கண்டுபிடிப்பது பற்றிய கருத்தரங்கு. திரையில் ஒரு வரி: 'இரட்டைப் பதிவுகள் நீக்கப்பட்டன: 11.' கைதட்டினார்கள். அந்தப் பதினொன்றும் யார் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. (நானும்தான் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது.)

ஆகவே மீதியைக் கற்பனையில் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: நாவலூரின் கண்ணாடிக் கட்டடங்களில் மாலை வெயில் தங்கமாக—

வேண்டாம். எரிச்சலில் இருப்பவனுக்கு என்ன தங்கம்?

இரண்டாவது: நாவலூர் அலுவலகத்தில் மென்பொருள் எழுதும் ரோகிணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. திருப்போரூர் பக்கத்துக் கிராமத்துக்குப் பரிசோதனை வேன் போய் எடுத்துவந்த ரத்தத் துளிகளின் நுண்ணோக்கிப் படங்கள். ஒதுங்கிக் கிடந்த சிலவற்றை அன்றுதான் மென்பொருளில் ஓட்டிப் பார்த்தாள். ஒன்றில் வெள்ளணுக்கள் மொய்த்துக் கிடந்தன. ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் காட்டவும் என்று சிவப்புக் கட்டம் விழுந்தது. படம் இருந்தது. பட்டியலில் அதற்கு ஆள் இல்லை.

ஆளை நீக்கியது அவளேதான். ஒரு செல்போன் எண்ணுக்கு ஒரு ஆள் என்று ஐந்து வாரத்துக்கு முன் அவள் எழுதிய விதி, ஒரே எண்ணைக் கொடுத்திருந்த பன்னிரண்டு பெண்களில் முதல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அழித்திருந்தது. பழைய பட்டியலில் அந்தப் படத்துக்கு நேரே: எல்லம்மாள், வயது நாற்பத்தாறு.

"நம்ம மேல தப்பு இல்ல ரோகிணி. அவங்கவங்க சொந்த நம்பரைத்தானே குடுத்திருக்கணும்?" என்றான் மேலாளர் நிதின். "கருத்தரங்குக்குக் கட்டுரை வேற அனுப்பியாச்சு. இப்போ போய்க் கிளறாத."

3

(நிதினைக் கொஞ்சம் நல்லவனாக்கலாமா என்று யோசித்தேன். மனசு வரவில்லை.)

சொந்த எண்ணாம்! வீட்டுக்கு ஒரு போன். அதுவும் விடிந்தால் புருஷனோடு வேலைக்குப் போய்விடும். கூப்பிட்டதும் எடுக்கிற ஆள் தையல் கடை தமிழ்ச்செல்விதான். ரேஷன் செய்தியோ பள்ளிக்கூடச் செய்தியோ, அவளுக்கு வந்தால் தெருவுக்கே வந்த மாதிரி. சேதி தவறக் கூடாது என்றுதான் பன்னிரண்டு பேரும் அந்த எண்ணைக் கொடுத்தார்கள். அந்தக் கவனத்துக்குத்தான் தவறு என்று பெயர் வைக்கிறார்கள். எனக்குக் கொதிக்கிறது.

ஒரு முடிவு: எல்லம்மாள் பிழைத்துக்கொள்கிறாள். (நிதின் முதல் கைதட்டியவர்கள் வரை எல்லாரும் தப்பித்துவிடுவார்கள்.)

இன்னொன்று: எல்லம்மாள் அந்த மாதமே—

மாட்டேன். நீங்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முதல் பிரதியில் பன்னிரண்டு பேருக்கும் பெயர் இருந்தது. படிக்கச் சிரமமாக இருக்கும் என்று நானே அடித்தேன். ரோகிணி செய்த அதே வேலை.

4

நிதினிடம் சொல்லாமலே ரோகிணி எண்ணை அழுத்துகிறாள்.

"ஆரு?" அந்தப் பக்கம் தையல் மிஷின் சத்தம் நிற்கிறது.

"எல்லம்மாளோட ரத்த டெஸ்ட் விஷயமா..."

"இன்னா மேடம், இப்பத்தான் கூப்புட்றீங்களா? அஞ்சு வாரமா தெனம் வந்து கேட்டுகினு கீது. போன் வரலன்னா ஒண்ணும் இல்லன்னுதான் அர்த்தம்னு நான்தான் சொல்லி அனுப்பிச்சிகினு கீறேன். இருங்க, இங்கதான் குந்திகினு கீது, குடுக்கறேன்."

போன் கை மாறுகிறது. ரோகிணிக்கு நாக்கு எழவில்லை. எனக்கும்தான். நீங்கள் பேசுங்கள்.

பேசி முடித்ததும் வைத்துவிடாதீர்கள். மீதிப் பத்துப் பேரும் இதே எண்ணில்தான் இருக்கிறார்கள்.